குணமாகிவிட்டாள் என்று நான் சொன்னது

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிர்வாகப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் சில ஆண்டுகள் அவர்களுடைய நன்கொடைக் குழுவில் என்னை வைத்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கம்பெனி கொடுக்கும் பணம் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்கிற குழு. நாங்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எழுதாத விதி ஒன்று எங்களிடம் இருந்தது. கம்பெனி பெயர் பொறித்த பலகையைத் திருகி மாட்ட இடம் உள்ள பொருளுக்குத்தான் பணம் கொடுப்போம். ஸ்கேன் இயந்திரம், கட்டில், குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கழிப்பறை. கழிப்பறையிலும் பலகை உண்டு.

ஒரு நாள் அரசு மருத்துவமனையில் இருந்து புற்றுநோய் மருத்துவர் ஒருவர் வந்தார். என் மகள் வயது இருக்கும். அவர் இயந்திரம் கேட்கவில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் அதன் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று வடசென்னையில் வீடு வீடாகப் போய்ப் பேசவேண்டும், சில ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கவேண்டும், அதற்கு இரண்டு பேருக்குச் சம்பளம் வேண்டும் என்றார்.

"கட்டி கரைஞ்சிடுச்சான்னு பாக்கறதோட எங்க வேலை முடிஞ்சிடுது சார். அப்புறம் அவங்களால வேலைக்குப் போக முடியுதா, தூங்க முடியுதா, என்ன சாப்பிடறாங்க? கேட்டா எங்ககிட்ட பதில் இல்ல."

கணக்குப் பிரிவில் இருந்தவர் என் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே, "போர்டை எங்க சார் மாட்றது? பேஷண்ட் முதுகுலயா?" என்றார். சிரித்தோம். மருத்துவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

ஆனாலும் குழுவில் இரண்டு பேர், பணம் கொடுக்கலாம் என்றுதான் பேசினார்கள். அதைக் கலைத்தவன் நான். அதற்கு என் மனைவியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

அவளுக்கு நாக்கில் புற்று வந்து, அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. "எங்க வீட்டுலயே ஒருத்தங்க குணமாகி நல்லா இருக்காங்க. பழையபடி சமைக்கறாங்க. மீன் குழம்புல உப்பு காரம் எதுவும் மாறல. பிழைச்சவங்களைப் போய் ஆராய்ச்சி பண்ணி என்னம்மா ஆகப்போகுது? பிழைக்காதவங்களுக்கு ஒரு கருவி வாங்குவோம்" என்றேன்.

மருத்துவர் என்னையே பார்த்தார். "அவங்க உங்ககூட உக்காந்து சாப்பிடறாங்களா சார்?"

"எங்க வீட்ல அந்தப் பழக்கம் எப்பவுமே இல்லம்மா. நான் சாப்பிட்ட பிறகுதான் அவ சாப்பிடுவா."

அதற்கும் யாரோ சிரித்தார்கள். மருத்துவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்துபோனார். கதிர்வீச்சுப் பிரிவுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தோம். அது நல்ல காரியம்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். என் குற்றம் அந்தக் கருவி இல்லை.

அன்று மாலை திருவொற்றியூர் வீட்டுக்கு வந்ததும் இதை அவளிடம் சொன்னேன், பெருமையாக. "உன்னை உதாரணம் காட்டித்தான் பேசினேன். எல்லாரும் அசந்துட்டாங்க" என்றேன். அவள் "அப்படியா? நல்லதுங்க" என்றாள். வாயில் எச்சில் ஊறாததால் அவளுக்குச் சொற்கள் ஒட்டி ஒட்டி வரும். அதற்கும் நான் பழகியிருந்தேன். பிறகு எனக்குச் சாப்பாடு போட்டாள். அருகில் நின்று பரிமாறினாள். நான் கை கழுவிவிட்டுச் செய்தி பார்க்கப் போனேன். அவள் எப்போது சாப்பிட்டாள் என்று தெரியாது. முப்பது ஆண்டுக்கு மேலாகவே தெரியாது.

அதன்பிறகு ஆறு ஆண்டுகள் இருந்தாள். புற்று திரும்பவில்லை. ஒரு விடியற்காலையில் மாரடைப்பில் போனாள். துக்கத்துக்கு வந்தவர்களிடமும் நான் அதையேதான் சொன்னேன்: புற்றை ஜெயித்தவள்.

எங்கள் மாடியில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். மனைவி காசிமேட்டில் பிறந்தவள், குரல் தெருமுனை வரை கேட்கும். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள்தான் எனக்கு மதியக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு, "அவ கைப்பக்குவம் அப்படியே இருக்கும்மா. அவகிட்ட கத்துக்கிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா சார் நீ! யக்காவுக்கு உப்பு இன்னா, காரம் இன்னா, எது தெர்ஞ்சிச்சு? டெய்லி மேல பாத்து கூப்புடும். நான் எறங்கி வந்து நாக்குல வச்சு பாத்து, போடு, போதும்னு சொல்லுவேன். ஏழு வருசமா நீ துன்னது என் உப்பு."

அவள் நிறுத்தவில்லை.

"நீ ரூம்புக்கு போனப்புறம் சோத்த கூழா கரைச்சிகினு குந்தும். வாய் இம்மாத்தூண்டுதான் தொறக்கும். ஒரு வாய்க்கு ஒரு மொணறு தண்ணி. பாதி வெளிய வந்துரும், தொடைச்சிக்கும். நான் கூட குந்தி கத பேசிகினு இருப்பேன். 'பாருடி, எனக்கு இன்னும் பல்லு மொளைக்கல'ன்னு சொல்லி சிரிக்கும்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நானா? யக்கா சொல்லாதன்னு சொல்லிச்சு. 'அவரு ஆபீஸ்ல பெரிய மனுசங்க முன்னாடி நான் நல்லாகீறேன்னு சொல்லிட்டு வந்துட்டாருடி. இனிமே நல்லாதான் இருக்கணும்'னுச்சு." கிண்ணத்தை எடுத்துக்கொண்டே, "நீயும் கேக்கல சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மேலே குக்கர் கத்தியது, ஓடிவிட்டாள்.

மனைவி பிறகு சாப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டாள். ஒளியவேண்டிய நிலைக்குத் தள்ளியது குழுவில் நான் பேசிய பேச்சு. எப்படிச் சுற்றி வந்து யோசித்தாலும் இதில்தான் வந்து நிற்கிறேன்.

சில மாதங்கள் கழித்து அந்த மருத்துவரைத் தேடிப் போனேன். அவர் தலையில் நரை கண்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது, காட்டிக்கொள்ளவில்லை. எங்கிருந்தோ கொஞ்சம் பணம் கிடைத்து, ஒரே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்து, அந்த ஆய்வைச் சிறிய அளவில் நடத்திக்கொண்டிருந்தார். என் சேமிப்பில் இருந்து கொடுக்க வந்தேன் என்றேன். அதை மருத்துவமனை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, "இறந்துபோனவங்க வீட்லயும் பேசறோம் சார். நீங்க பேசுவீங்களா?" என்று கேட்டார்.

பேசினேன். எந்தத் தேதியில் எந்த ஊசி, எத்தனை முறை கதிர்வீச்சு, எல்லாம் சரளமாக வந்தது. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் மனைவி எதைச் சாப்பிட ஆசைப்பட்டார் என்று மருத்துவர் கேட்டார். தெரியவில்லை. வலி எப்போது அதிகம்? தெரியவில்லை. எதற்குப் பயந்தார்?

"தெரியலம்மா."

"பரவாயில்ல சார். நிறைய வீட்ல ஆம்பளைங்க இதத்தான் சொல்றாங்க. வேற யாராவது கூட இருந்தாங்களா?"

மாடிவீட்டுப் பெண்ணைச் சொன்னேன்.

மறுவாரம், மருத்துவர் ஆய்வுக்கு வைத்திருந்த பெண் வீட்டுக்கு வந்தார். அவரும் மாடிவீட்டுப் பெண்ணும் என் சமையலறையில் தரையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் கூடத்தில் இருந்தேன். மாடிவீட்டுப் பெண் என் மனைவியைப் போலவே ஒட்டி ஒட்டிப் பேசிக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு குரல் தாழ்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆறேழு ஆண்டுகள் முழுவதும் அங்கே சொல்லப்பட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பேச்சு எனக்கும் வேண்டியிருந்தது. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றேன்.

பேச்சு நின்றது.

"இன்னா சார், எதுனா வேணுமா?" என்றாள் மாடிவீட்டுப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணும் இல்லம்மா. நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கே திரும்பினேன். நான் உட்காரும்வரை அவர்கள் பேச ஆரம்பிக்கவில்லை.