பாதியாய்ப் பங்கிட்ட மாத்திரைகள்

உடல்நலம் பற்றி எழுதும்போது சிறு பிழையும் படிப்பவருக்குத் தீங்காகலாம். ஆகவே, என்னிடமுள்ள மருத்துவமனைச் சீட்டும் அன்றைய அறைத்தோழனும் உறுதிசெய்தவற்றை மட்டுமே இங்கே தருகிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தேன். ஓர் அறையில் ஐவர். சோப்பு, சட்டை, பாய் எதுவும் அங்கே ஒருவருக்கு மட்டும் உரியதன்று, மாத்திரையும் அப்படித்தான்.

சாய்ந்து முளைத்த ஞானப்பல்லை ஒரு விடுமுறை நாளில் பிடுங்கிக்கொண்டேன். சர்க்கரை நோய் உண்டா என்று பல் மருத்துவர் கேட்டார். இருபத்து மூன்று வயதில் எனக்கேது சர்க்கரை என்று எண்ணி, சோதித்துப் பாராமலே இல்லை என்றேன். கிருமித்தொற்று வராதிருக்க ஐந்து நாள்களுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார். அன்று மாலை அறைத்தோழன் ஒருவனுக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும்.

"ஏல, ஒனக்கு ரெண்டு நாளு போதும்ல. மிச்சத்த இங்க தள்ளு."

கொடுத்தேன். கொடுத்ததில் சிறு பெருமிதமும் இருந்தது.

நான்காம் நாள் வீக்கம் தாடையைக் கடந்து கழுத்துக்கு இறங்கியது. விடுப்பு எடுத்தால் வேலை நிரந்தரமாகாதோ என்ற அச்சத்தில் ஷிஃப்டுக்குப் போனேன். வேலையில் கட்டும் முகக்கவசம் வீக்கத்தை மறைத்தது. கேன்டீனில் அதைக் கழற்றியே ஆகவேண்டும். அங்கே சோறு பரிமாறும் அம்மையார் கரண்டியை நிறுத்தினார்.

"இன்னா தம்பி, ரெண்டு நாளா வெறும் மோர வாங்கினு போற. மூஞ்சி இன்னா இப்டி கீது?"

"பல்லு புடுங்குனேன்க்கா. சரியாயிரும்."

"புடுங்கனா நாளாவ நாளாவ வத்தணும். உனுக்கு ஏறிகினு போவுது. வாயத் தொற."

ஒரு விரல் நுழையும் அளவுகூடத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடிகிறதா என்று கேட்டார். தலையசைத்து இல்லை என்றேன். வரிசையை அப்படியே நிற்கவிட்டு, சூப்பர்வைசரிடம் போனார்.

"சார், இந்தப் புள்ளய இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இல்லன்னா நாளைக்கு அவங்க வூட்டுக்கு நீதான் போன் போடணும்."

அரை மணி நேரத்தில் தொழிற்சாலை வண்டியில் ஏற்றினார்கள். மருத்துவமனையில் கழுத்தைக் கீறிச் சீழை வெளியேற்றினர். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது அன்றுதான் தெரியவந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்திருக்கலாம் என்றார் அங்கிருந்த மருத்துவர். சர்க்கரை உள்ளவர்களும், புகைப்பவர்களும், ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் பல் பிடுங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும் என்றும், கொடுத்த மாத்திரையை முழுவதும் உண்ண வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

மூன்று வாரங்களில் வேலைக்குத் திரும்பினேன். பின்னர் நிரந்தரமும் ஆனேன். சர்க்கரை இன்று என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அறைத்தோழனோ என்னைக் காணும்போதெல்லாம், "மாத்திர ஏதும் வச்சிருக்கியால?" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

சீழ் பிடித்தது சர்க்கரையாலா, பாதியில் நின்ற மாத்திரையாலா என்று மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. நான் திரும்பியபோது கேன்டீன் ஒப்பந்தம் மாறி, அந்த அம்மையார் வேறிடம் போயிருந்தார். நான் பிழைத்துக்கொண்டேன் என்பது அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றும் தெரியாது.