கட்டிலுக்கு அடியில் ஒரு நீல வட்டம்

என் வீட்டுக்காரருக்குப் பழைய வரைபடப் பைத்தியம். ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அது முற்றிப்போனது. பழைய பேப்பர் கடைகளில் அரதப்பழசாக எது கிடைத்தாலும் வாங்கி வந்துவிடுவார். போன கோடையில் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு போர் வற்றியது. "வெள்ளைக்காரன் காலத்து மேப் ஒண்ணு இருக்கு. ஏரி, கெணறு எல்லாம் குறிச்சிருக்கான். அதப் பாத்து வேற எடத்துல போர் போடலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளுக்கு வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டிய நேரம். சொட்டுத் தண்ணீர் இல்லாத வீட்டில் பிள்ளை பெற்றவளை எப்படி வைத்துக்கொள்வது? இந்த மனுஷன் காகிதத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்!

நல்ல தண்ணீர்க் கிணறுகளுக்கெல்லாம் அதில் நீல வட்டம் போட்டிருந்தது. ரயில் பாதையையும் ஏரிக்கரையையும் அடையாளம் வைத்து, செல்போன் மேப்போடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு கெணறு இருக்குடி."

வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. வட்டம் அதன்மேல்தான் விழுந்திருந்தது. மகளைப் படுக்கவைக்க நான் ஒழித்து வைத்திருந்த அறை. அவருக்கோ தண்ணீர் கிடைத்துவிட்ட சந்தோஷம். நான் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

மறுநாள் காலையில் தெருக்கோடிக் கொத்தனார் வந்து சுத்தியலால் அறைத் தரையைத் தட்டிப் பார்த்தார். ஓரங்களில் கெட்டியாகக் கேட்டது. கட்டிலை நகர்த்தித் தட்டியதும் தொம்மென்றது. அவர் நேரே பின்பக்கம் போய், சுவரோரம் நின்ற இரும்புக் குழாயைப் பார்த்தார். வீட்டை வாங்கும்போதே இருந்தது அது; செப்டிக் டேங்குக் குழாய் என்று நினைத்து நாங்கள் அதில் துணிக்கொடி கட்டியிருந்தோம்.

"இன்னாக்கா, இதுல கொடி கட்டிக்கினு கீறீங்க? கெணத்த மூடுறப்ப, அது மூச்சு வுடணும்னு பைப்பு வெப்பாங்க. மண்ணு ரொப்பித்தான் மூடணும். உங்களுக்கு வித்தவனுங்க ரொப்பாமயே மேல ஸ்லாப்பப் போட்டு ஊட்டக் கட்டிக்கீறானுங்க."

நான் நம்பவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிக் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தேன். ஐயோ! மெல்ல, அவசரமே இல்லாமல், கையை உள்ளே இழுத்தது. பிடுங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தபோது சில்லென்று காற்று வெளியே வந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கொத்தனார் தரையில் சின்னதாக ஓட்டை போட்டுக் கூழாங்கல்லைப் போட்டார். முதலில் சத்தமே இல்லை. பிறகு ஆழத்தில் டொப்பென்று தண்ணீர். ஓட்டைக்குள் விரலை விட்டவர் கையில் துருவாக உதிர்ந்தது.

"அண்ணாத்தே, கம்பி பூரா உளுத்துப் போய்க்கீது. யாரும் உள்ள கால் வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, சுவரை ஒட்டி ஒட்டியே வெளியே வந்தார்.

அந்நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, தண்ணி கெடச்சுதா? பையெல்லாம் கட்டி வெச்சுட்டேன்."

"வராதடி கண்ணு" என்றேன். வாயும் வயிறுமாக இருப்பவளிடம் பெற்றவள் சொல்கிற வார்த்தையா அது? விஷயத்தைச் சொன்னேன்.

"நீயும் அப்பாவும் இத்தன வருஷமா அங்கதானம்மா படுத்திருந்தீங்க?" என்றாள்.

அவளை எங்கே படுக்கவைப்பது என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த நான், அப்போதுதான் நாங்கள் தினமும் படுத்த அந்தக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.