விசாவுக்கு ஒரு பொய்க் கல்யாணம்

மன்னார்குடி வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு நான் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அதே வேலையை ஸ்பெயினில் தங்கிச் செய்ய ஒரு விசா இருக்கிறது. அது விஷயமாக இன்று தஞ்சாவூரில் ஒரு விசா ஏஜெண்டைப் பார்க்கப் போனேன். அப்பாவும் கூட வந்தார்.

விண்ணப்பிப்பது நான். ஏஜெண்ட் பேசியதெல்லாம் அப்பாவிடம்தான்.

“பொண்ணு தனியா போகுதுங்களா? கல்யாணம் ஆகலையா?”

“என்கிட்டயே கேக்கலாங்க” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“சார், இதே விசாவுக்கு நம்மகிட்ட ஒரு பையனும் வந்திருக்காரு. ரெண்டு பேருக்கும் பேப்பர்ல கல்யாணம் ஆன மாதிரி காட்டிடலாம். சுலபமா கிடைச்சிடும். அங்க போனதும் அவங்கவங்க வழியப் பாத்துக்கட்டும்.”

அந்த ஆளைத் திட்டிவிட்டு எழுந்துவிடுவார் என்று அப்பா முகத்தைப் பார்த்தேன்.

அப்பா சற்று யோசித்தார். பிறகு கேட்டார்: “பையன் என்ன ஆளுங்க?”

பொய்க் கல்யாணத்துக்கும் சாதி பார்த்தாக வேண்டும் அவருக்கு.

சான்றிதழ்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒரு பேச்சுக்குக் கேட்டேம்மா, அதுக்குப் போயி கோவப்படுற” என்கிறார். நீடாமங்கலம் தாண்டிவிட்டது; நான் போனில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏஜெண்ட் இல்லாமல் இந்த விசா வாங்கியவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். தூதரகத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போகாமல் தப்பிக்க வழி தெரிந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.