பூசணிக்காயைக் கீழே போட்டவர்

எங்கள் ஊர் தண்ணீர்த் தொட்டிக்கு பெயின்ட் அடிக்க ஒருவர் வந்தார். ஒல்லி ஆள். புருவமெல்லாம் நீலப் பெயின்ட். யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்துத்தான் நம்புவார்.

சாரம் கட்டியிருந்தது. இடுப்புக்குக் கயிறு மட்டும் கான்ட்ராக்டர் தரவில்லை.

"கீய வைக்கோல் போட்டுக்கோ. கையில கொட வச்சிக்கோ. வுயுந்தா மெதுவா எறங்கிடுவ" என்றார் டீக்கடைக்காரர்.

"போட்டுப் பாக்கலாம் நைனா" என்றார் இவர்.

நான் வைக்கோல் கொடுத்தேன். இடுப்பு உயரம் பரப்பினோம். பெரிய பூசணிக்காய் ஒன்றை விரித்த குடையில் கட்டி, தொட்டி மேலிருந்து விட்டார். குடை உடனே மேல்பக்கமாக மடங்கிக்கொண்டது. காய் வைக்கோலைத் துளைத்துத் தரையில் சிதறியது.

தண்ணீர் பிடிக்க வந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திருஷ்டி கயிஞ்சிச்சி. இனிமே தைரியமா ஏறு."

இறங்கி வந்தவர் சிதறலைப் பார்த்தார்.

"அக்கா, அது திருஷ்டி இல்ல. அது நானு."

அப்புறம் ஏறவில்லை. கான்ட்ராக்டர் போனில் கத்தினார். இவர் உட்கார்ந்து பூசணி விதை பொறுக்கினார். சாயங்காலம் கயிறு வந்தது. மறுநாள் அதைக் கட்டிக்கொண்டுதான் ஏறினார்.

இப்போதும் கடை வாசலில் யாராவது பூசணிக்காய் உடைத்தால், எல்லாரும் கும்பிடுகிறார்கள். நான் அண்ணாந்து மேலே பார்க்கிறேன்.