தேங்காய் நார் தாடி

மூன்று வருஷத்துக்கு முன்பு, நெய்வேலி டவுன்ஷிப்பில், புனித வெள்ளிக்கு மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியால் நான் பல வருஷமாக நடத்திய ஞாயிறு பள்ளி என் கையை விட்டுப் போனது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. வெட்கம் மட்டும் இல்லை.

என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. எனக்கு வீட்டு வேலை போக மீதி நேரமெல்லாம் சபைதான். ஒவ்வொரு புனித வெள்ளிக்கும் பிள்ளைகளை வைத்து சிலுவைப்பாடு நாடகம் போடுவேன். வசனம், ஒத்திகை, தையல் எல்லாம் நானே. இயேசுவுக்கும் சீஷர்களுக்கும் மரியாளுக்கும் வெள்ளை அங்கி. யூதர்களுக்குக் கறுப்பு அங்கி. அது போதாதென்று தேங்காய் நாரைக் கறுப்புச் சாயத்தில் முக்கிக் காயவைத்துத் தாடி கட்டிவிடுவேன். அந்தத் தாடிக் கூட்டம் கூச்சல் போட்டுக்கொண்டு மேடை ஏறினால் முன்வரிசை வாண்டுகள் பயந்து அழும். எனக்குப் பெருமை தாங்காது.

அந்த வருஷம், எங்கள் பிளாக்கில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்காவை நாடகம் பார்க்க அழைத்திருந்தேன். பக்கத்துக் கிராமத்துக்காரர், மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவர். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாடகம் நல்லா இருந்துச்சுங்க டீச்சரம்மா. அந்தக் கறுப்புத் துணிக்காரங்க யாருங்க?"

"யூதருங்க அக்கா."

"ஏசுசாமி என்ன ஆளுங்க?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். சாமிக்கு அதெல்லாம் கிடையாது என்று மழுப்பினேன். அவர் விடவில்லை.

"மனுசனாப் பொறந்தாருன்னு நீங்கதான சொன்னீங்க? அவங்க அம்மா என்ன ஆளு?"

"அவங்களும் யூதருதான்" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"அப்ப எல்லாரும் ஒரே சனந்தான? அவருக்கு மட்டும் வெள்ள, மத்தவங்களுக்குக் கறுப்பா? எங்க தெருவயும் இப்படித்தாங்க சொல்லிகினு இருப்பாங்க. எவனோ ஒருத்தன் எதுனா பண்ணியிருப்பான், மொத்தத் தெருவும் களவாணித் தெருன்னு பேரு."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

அந்த வருஷம் முழுக்க, மனப்பாடமாகத் தெரிந்த வேதத்தைப் புதிதாகப் படிக்கிறவள் போல உட்கார்ந்து படித்தேன். யூதப் பிள்ளைகளுக்குச் செய்வது போலவே இயேசுவுக்கும் எட்டாம் நாள் விருத்தசேதனம். ஓய்வுநாள் தோறும் யூதர்களின் ஜெப ஆலயம். பண்டிகைக்கு எருசலேம் பயணம். நாங்கள் நற்கருணை என்று முழங்கால் போடுகிறோமே, அது பிறந்ததே யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தில். நாங்கள் பாடும் சங்கீதங்கள் அவர் சிறு வயதில் பாடியவை. அல்லேலூயாவும் ஆமெனும் அவர்கள் மொழி. ஆணி அடித்தவர்களோ ரோமச் சிப்பாய்கள். குடியிருக்கும் வீட்டைக் கட்டியவர்களையே களவாணிகள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

அடுத்த வருஷம், புனித வெள்ளிக்கு முந்தைய லெந்து நாட்களில், கறுப்பு அங்கிப் பெட்டியை நான் சபைக்கு எடுத்துப் போகவில்லை. பண்ருட்டியில் காடாத் துணி வாங்கி எல்லாருக்கும் ஒரே மாதிரி தைத்தேன். வகுப்பில் பஸ்கா பற்றிச் சொல்லிக் கொடுத்தபோது புளிக்காத மாவில் சுட்ட ரொட்டி கொண்டுபோனேன். கசப்புக் கீரைக்கு எங்கே போவது? குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தில் கொழுந்து பறித்தேன். இது அவர்களுடைய பண்டிகை, நாம் சொந்தம் கொண்டாட வேண்டாம், ஆனால் முன்னோர்கள் எகிப்தில் அடிமையாகச் செங்கல் அறுத்த கசப்பை மறக்காமல் இருக்க இயேசுவும் வருஷா வருஷம் கசப்புக் கீரை தின்றார் என்று சொன்னேன். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே மென்றார்கள்.

ஒரு பிள்ளையின் சட்டைப் பையில் வேப்பங்கொழுந்தை அதன் அம்மா பார்த்துவிட்டார். அந்த வாரமே சபைக்குள் ரெண்டு பேச்சு கிளம்பியது. டீச்சர் பிள்ளைகளுக்கு மாரியம்மன் வேப்பிலை கொடுக்கிறார் என்பது ஒன்று. டீச்சர் யூத மதத்துக்கு மாற்றுகிறார் என்பது இன்னொன்று. ரெண்டில் எது என்று அவர்களாவது பேசி முடிவு பண்ணியிருக்கலாம்.

சபைக் கமிட்டி கூப்பிட்டது. ஆறு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் நின்றேன். ஆயர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செயலாளர்தான் பேசினார்.

"கறுப்பு அங்கிய வெளிய எடுங்கம்மா. நாடகம் பழையபடி நடக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழம சபைக்கு முன்னால ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க. வகுப்பு உங்ககிட்டயே இருக்கும்."

ஒரே ஒரு மன்னிப்பு. கேட்டால் பிள்ளைகள் எனக்கு. அவர்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.  ஆனாலும் வாயைத் திறந்தேன்.

"கேக்குறேங்க ஐயா. இத்தன வருஷமா பிள்ளைங்களுக்குப் பொய் காட்டுனதுக்கு சபை முன்னால மன்னிப்பு கேக்குறேன். வேப்பங்கொழுந்துக்குக் கேக்க மாட்டேன்."

"யூத சமாச்சாரம் எதுவும் நம்ம சபைக்குள்ள வேணாம்மா."

"அப்ப அல்லேலூயாவ இன்னியோட நிறுத்திடலாங்களா? சங்கீதத்தக் கிழிச்சுப் போட்டுடலாமா? மரியாளுக்கும் ஒரு கறுப்பு அங்கி மாட்டிடலாமா?"

 கடைசியில் செயலாளர், வகுப்பு அலமாரிச் சாவியையும் அங்கிப் பெட்டியையும் ஒப்படைக்கச் சொன்னார். சாவியை மேசை மேல் வைத்தேன்.

"பெட்டி?"

"தாடிய அடுப்புல போட்டாச்சுங்க. அங்கியெல்லாம் வீடு துடைக்கிற துணியாயிடுச்சு."

வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்த கணவரின் முதுகில் சாய்ந்து வீடு வரைக்கும் அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளைகளுக்காக இன்னும்கூட ஏங்குகிறேன். அந்த வாரம் பஸ் ஸ்டாப்பில் விஷயம் கேள்விப்பட்ட அக்கா, "வகுப்பு போச்சா டீச்சரம்மா? போனாப் போவுது, வாயி இருக்குதுல்ல" என்றார்.

சபை மாறிவிடு என்று பலபேர் சொல்கிறார்கள். நான் ஏன் மாற வேண்டும்? ஞாயிறு தவறாமல் போகிறேன், ரெண்டாவது வரிசையில் உட்காருகிறேன். செயலாளர் நீட்டி முழக்கி ஜெபம் பண்ணி முடித்ததும் முதலில் கேட்பது என் குரல்தான். இயேசு தன் அம்மாவின் மடியில் கற்றுக்கொண்ட அந்த யூதச் சொல்லை, எந்தக் கமிட்டியாலும் சாவி போட்டுப் பூட்ட முடியாத அந்தச் சொல்லை, சபையே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொல்கிறேன்: ஆமென்.