மார்த்தாளின் காற்று வியாபாரம்

முனியம்மாளின் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் பின்னாலேயே, இடுப்பில் எண்ணெய் டின்னும் கையில் கொட்டாங்கச்சியுமாக மார்த்தாள். தெருவில் விழும் புழுக்கையில் ஒன்றைக்கூட அவள் விடுவதில்லை. நடந்தபடியே குனிவாள், வாருவாள், டின்னில் போடுவாள், நடுவே யாரையாவது வம்புக்கும் இழுப்பாள்.

"ஏன்டி மார்த்தா, ஆட்ட மேய்க்கறவ நானு. புழுக்கைக்கு மட்டும் நீ பட்டாதாரியா?"

"ஆடு உன்னுது யக்கா. கீழ வுழுந்துச்சின்னா ஊருக்குப் பொது. மனசு கேக்கலன்னா ஆட்டுக்கு ஜட்டி தெச்சிப் போடு!"

டின் நிறைந்ததும் நேரே தோப்புக்குப் போவாள். உத்திரமேரூருக்குப் பக்கத்தில், காலனிக்குப் பின்புறம் இருக்கிறது அந்த ஒன்றரை ஏக்கர். நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பட்டா. கிடைத்த மறு வருஷமே அவள் புருஷன் யேசுபாதம் செங்கல் சூளைக்காரனுக்கு மண்ணெடுக்கத் தலையாட்டிவிட்டான். ஓர் அடி என்று பேசி இரண்டு அடி சுரண்டினான் சூளைக்காரன். நடவு வேலைக்குப் போயிருந்த மார்த்தாள் திரும்பி வந்து பார்த்தபோது மஞ்சள் களிமண் பள்ளம்தான் பல்லை இளித்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவள் புருஷனோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

அந்தப் பள்ளத்தில் கம்பு விதைத்தாள், வரவில்லை. கொள்ளு தெளித்தாள், அதுவும் வரவில்லை. புல் முளைக்காத இடத்தில் மரம் வைக்கப் போகிறேன் என்று அவள் கிளம்பியபோது ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் இன்றைக்குக் கோடையில் அந்தப் பக்கம் போனால் நிழலுக்கு அங்கேதான் ஒதுங்குகிறார்கள். ஓரமெல்லாம் சவுக்கு. உள்ளே புங்கும் வேம்பும் மலைவேம்பும். சவுக்கை வரிசை வரிசையாகத்தான் வெட்டி விற்பாள். வெட்டிய வரிசையில் அடுத்த மழைக்குக் கன்று நின்றாக வேண்டும். புங்கங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் எண்ணெய்க்குப் போகின்றன.

கிளை கழிக்கிற நாளில் புருஷனுடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் அரிவாளோடு நிற்பாள். அன்றைக்கு அவளிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. சந்தோஷம் வந்துவிட்டாலோ அவளுக்கு உட்காரவே வராது. பேசிக்கொண்டே தோப்பை ஒரு சுற்று சுற்றிவிடுவாள், கேட்கிறவரும் பின்னால் ஓட வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து ஏழில் ஞானசுந்தரி என்று ஒரு பெண் தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தாள். மரங்கள் காற்றிலிருக்கும் கரியை இழுத்து உடம்பிலும் மண்ணிலும் சேர்த்து வைக்கின்றன, அந்தக் கணக்குக்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் வருஷா வருஷம் பணம் தரும் என்று விளக்கினாள். மார்த்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே காலனி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

"மரம் புகைய முழுங்கினு கீதாம். அத்த நம்மாண்ட வாங்கிக்கிறாங்களாம். மரத்த வெட்டக்கூடத் தேவல!"

அதிலிருந்து அவளுக்குக் 'காத்துக்காரி' என்றே பெயர். அவளுக்கு அந்தப் பெயரில் கொள்ளைப் பெருமை.

யேசுபாதத்துக்கு மட்டும் நம்பிக்கையில்லை. மரவியாபாரி முத்துவேல் தோப்பை மொத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "காத்த நம்பி எவனாவது குடுத்தனம் பண்ணுவானா? வெட்டிட்டு வூட்டக் கட்டலாம்" என்றான் யேசுபாதம். "ஆக்கப் பொறுத்த, ஆறப் பொறுக்க முடியலியா ஒனக்கு?" என்று பாய்ந்தாள் மார்த்தாள். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். மரங்களை அளக்கச் சென்னையிலிருந்து வரும் ஆய்வாளர் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் தோப்பு நிற்கும். மாட்டேனென்றால் முத்துவேலின் ஆட்கள் கோடரியோடு வருவார்கள்.

ஆய்வாளர் வந்தது மாசி மாதம். விருந்தாளி வருகிறார் என்றால் வாசல் பெருக்காமல் இருப்பாளா? விடியும்போதே விளக்குமாற்றோடு இறங்கி, கிழக்குப் பாதித் தோப்பைச் சருகு ஒன்று இல்லாமல் பெருக்கி, வரப்போரம் குவித்துக் கொளுத்தி, சாணி கரைத்துத் தெளித்துவிட்டாள். மேற்குப் பாதியை யேசுபாதத்திடம் விட்டிருந்தாள். அவன் விளக்குமாற்றை வேம்பில் சாத்திவிட்டு டீக்கடைக்குப் போனவன், ஜீப் சத்தம் கேட்டுத்தான் வந்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஞானசுந்தரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா! சருகு எங்க?"

"பெருக்கிக் கொளுத்திட்டேன் பாப்பா. எப்படிக் கீது பாரு, நம்ம சர்ச்சு மாதிரி!"

"ஐயோ, சருகையும்தானே அளக்கணும்! அதுவும் கணக்குல சேர்த்திக்கா."

மார்த்தாளுக்கு இத்தனை வருஷப் பாட்டையும் தன் கையாலேயே பெருக்கித் தள்ளிவிட்டோமே என்று கண் முட்டிக்கொண்டு வந்தது. ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார். அப்படியே சுற்றிப் பார்த்தவர் மேற்கே கையை நீட்டினார்.

"அந்தப் பக்கம் பெருக்கலியே?"

புங்க இலையும் சவுக்கு ஊசியுமாகக் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. யேசுபாதம் தலையைச் சொறிந்தான். காலையிலிருந்து அவனைச் சோம்பேறி, தண்டச்சோறு என்று திட்டித் தீர்த்திருந்த மார்த்தாள், எல்லோருக்கும் முன்னால் அவன் கன்னத்தைத் திருகி முத்தம் கொடுத்தாள். "எங்க மாமா இன்னிக்கும் சோம்பேறியா இருந்துச்சே, அதுக்கே தோத்திரம்!"

ஆய்வாளர் அங்கே ஒரு மரச்சட்டத்தைத் தரையில் போட்டு அதற்குள் கிடந்த சருகை அள்ளினார், மரங்களைச் சுற்றி டேப் பிடித்தார். பிறகு இரும்புக் குழாய் ஒன்றை மண்ணில் அடித்து இறக்கி, உருவி, உள்ளே இருந்ததைத் தட்டில் தட்டினார். அடியில் பழைய மஞ்சள் களி. அதற்கு மேலே விரல் நீளத்துக்குக் கறுப்பு. பொலபொலவென்று, மழைவாசனையோடு, ஒரு மண்புழு வேறு நெளிந்தது.

"யோவ், இங்க வாய்யா! மண்ணு! நம்ம மண்ணுய்யா!" மார்த்தாள் கத்தியது ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். யேசுபாதம் குனிந்து பார்த்தான். அவனால் நிமிர முடியவில்லை.

"சேர்த்துக்கலாம்மா" என்றார் ஆய்வாளர். "ஆனா இனிமே பெருக்காதீங்க."

யேசுபாதம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "முத்துவேலாண்ட நானே போயி சொல்லிட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்தான்.

ஆய்வாளர் சாணி தெளித்த கிழக்குப் பக்கமாகவே நடந்து வந்து ஜீப்பில் ஒரு காலை வைத்தார். பின்னாலேயே ஓடி வந்தாள் மார்த்தாள்.

"சார், ஒரு நிமிசம். அந்தக் கால இப்டித் தூக்குங்க."

அவர் ஒன்றும் புரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். பூட்ஸ் அடியில் அப்பியிருந்த ஈரமண்ணை ஒரு சவுக்குக் குச்சியால் வழித்து உள்ளங்கையில் வாங்கினாள் மார்த்தாள்.

"இப்ப அந்தக் காலு."

அதையும் வழித்தாள். பிறகு இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல், தோப்புக்குள்ளே நடந்தாள்.