மே மாசத்து மரம்

ஜெர்மனியில ஒரு சின்ன ஊர் இருக்கு. பேரு சொல்ல மாட்டேன், சொன்னா வாய் கசக்கும். நான் அங்க போனதே இல்ல. ஆனா கண்ணைக் கட்டி விட்டாலும் தட்டாம நடப்பேன். பஸ்ஸை விட்டு இறங்கினா இடது கைப்பக்கம் ஒரு ஓடை, அதுக்கு மேல கல் பாலம். பாலம் தாண்டினா கறுப்புக் கல்லால கூரை போட்ட மாதா கோயில். கோயில் சுவர்ல ரெண்டு பெரிய சண்டையிலயும் செத்தவங்க பேரை வெட்டி வச்சிருக்காங்க. அதே நாலஞ்சு குடும்பத்துப் பேருதான் திரும்பத் திரும்ப வரும். மலை உச்சியில ஒரு இடிஞ்ச கோட்டை, எந்தக் காலத்துலயோ பிரெஞ்சு ராஜா படை கொளுத்திட்டுப் போனது. சரிவெல்லாம் திராட்சை. கறுப்புக் கல் வெட்டின சுரங்கத்தை மூடினப்புறம் இளசுங்க டவுனுக்குப் போயிட்டாங்க, மிச்சம் கிழடுங்கதான். ஞாயித்துக்கிழமை புல்லு வெட்டுற மெஷினைப் போட்டா பக்கத்து வீட்டுக்காரன் பொலிஸுக்குச் சொல்லிடுவான்.

இவ்வளவையும் போன்ல எனக்குச் சொன்னது என் அத்தை மகன். அப்ப 'அவங்க'ன்னுதான் சொல்லுவேன். இப்ப 'அவன்' போதும். அங்க ஒரு ஹோட்டல் குசினியில சமையல் வேலை, பழைய பள்ளிக்கூடத்து மாடியில ஒரு ரூம். லீவுல வந்தப்போ எங்க மாத்தளை வீட்டுல பேசி முடிச்சு, மோதிரமும் போட்டுட்டுத்தான் போனான். விசாவுக்கு ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணணும்னாங்க. நானும் கிறுக்கச்சி மாதிரி கண்டிக்குப் போய்ப் படிச்சேன். பரீட்சையில உங்க ஊரைப் பத்திப் பேசுங்கன்னு கேட்டாங்க. நான் மாத்தளையைச் சொல்லல. ஓடை, பாலம், கோயில், கோட்டைன்னு அவன் ஊரைச் சொன்னேன். பாஸும் பண்ணிட்டேன்.

பாஸ் பண்ணி என்ன? அந்த பேப்பர் வரல, இந்த சீல் சரியில்லன்னு இழுத்துக்கிட்டே போனான். அந்த நேரம் பாத்து உக்குவளையில இருக்கிற அத்தை, அவனோட அம்மா, கக்கூஸ்ல வழுக்கி விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டாங்க. ஒரே மகன், அவனும் சீமையில. "எனக்கென்ன குறை, மருமகள் நீ இருக்கியே"ன்னு என் கையைப் பிடிச்சாங்க. மருமகள்! அந்த ஒரு சொல்லுக்கு மயங்கி, விடிஞ்சதும் பஸ் ஏறி உக்குவளைக்குப் போவேன். பீ மூத்திரம் அள்ளி, மேல் கழுவி, கஞ்சி ஊட்டிட்டு மாத்தளைக்கு ஓடி வந்து ஸ்பைஸ் கார்டன்ல வேலைக்கு நிப்பேன். ஜெர்மன்காரங்களுக்கு ஏலக்காய் செடியைக் காட்டி, முதுகுவலித் தைலத்தை விக்கிறது என் வேலை. பொழுது சாய மறுபடியும் உக்குவளை. கொஞ்சம் சுணங்கிட்டா, "ஜெர்மனிக்குப் போறதுக்கு முன்னாடியே துரைசாணி நடப்பு வந்துருச்சோ?"ன்னு கேப்பாங்க. சிரிச்சுக்குவேன். நாளைக்கு என் மாமியார்தானே.

ஒரு மே மாசம். வேதக்காரங்க நமக்கு அது தேவமாதாவோட மாசம். உங்க ஊர் கோயில்ல எப்படி ஜோடிச்சிருக்காங்க, ஒரு போட்டோ அனுப்புங்கன்னு கேட்டேன். அவன் அனுப்பினது ஒரு மரம். வெள்ளைப் பட்டை மரம் ஒண்ணை வெட்டி, கலர் கலரா ரிப்பன் தொங்க விட்டு, ஒரு வீட்டு ஜன்னலுக்குக் கீழ கட்டியிருக்கு. ஜன்னல்ல பச்சைக் கதவு, சிவப்புப் பூச்சட்டி. இது என்னன்னு கேட்டேன். மே பிறக்கிறப்போ இந்த ஊர்ப் பையன்க காட்டுல மரம் வெட்டிட்டு வந்து, மனசுக்குப் பிடிச்ச பொண்ணு வீட்டு வாசல்ல கட்டுவாங்களாம். "உன் வீடு இங்க இல்லையே, அதான் என் ஜன்னலுக்குக் கீழயே உனக்காகக் கட்டிட்டேன்"னான். எனக்கு அழுகையே வந்துருச்சு. அம்மா அதைப் பெருசா அடிச்சு, பிரேம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்துலயே மாட்டினாங்க. வீட்டுக்கு வந்த ஒருத்தரையும் விடல, கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க.

ஸ்பைஸ் கார்டனுக்கு வர்ற ஜெர்மன்காரங்க கிட்ட எல்லாம் எந்த ஊர்னு கேக்கிறது என் வழக்கம். போன வருஷம் ஒரு வயசான புருஷனும் பொண்டாட்டியும் வந்தாங்க. "சின்ன ஊரும்மா, உனக்குத் தெரியாது"ன்னு அந்தம்மா ஊர்ப் பேரைச் சொன்னாங்க. அவன் ஊரேதான்! ஓடையிலருந்து கோட்டை வரைக்கும் மடமடன்னு ஒப்பிச்சேன். அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் பெருமையில போனை எடுத்து மரத்தைக் காட்டினேன்.

"அட, இது நம்ம பேக்கரிக்காரர் வீடு!" அந்தம்மா புருஷனை இழுத்துக் காட்டினாங்க. "அவர் மகளோட ஜன்னல். உங்க நாட்டுப் பையன் ஒருத்தன் கட்டினான். வெளியூர்க்காரன் எப்படிக் கட்டலாம்னு ஊரே ரெண்டு பட்டுச்சு. கடைசியில அந்தக் கலியாணத்துல நாங்களே ஆடினோம்." தன் போனைத் தள்ளித் தள்ளி இன்னொரு போட்டோ எடுத்தாங்க. அந்தக் கோயில், அந்தக் கறுப்புக் கூரை. வாசல்ல அவன் கோட்டுப் போட்டு நிக்கிறான். பக்கத்துல ஒரு வெள்ளைக்காரி, கையில ஞானஸ்நான உடுப்புல ஒரு குழந்தை. "நீ அவன் தங்கச்சியா?"

"ஆமா"ன்னேன். வேற என்ன சொல்ல? பிறகு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய், சட்டியில என்ன தைலம் இருந்துச்சோ அவ்வளவையும் முதுகுல தேச்சு விட்டேன். தோல் கழண்டு வந்திருக்கும்.

அன்னிக்குச் சாயங்காலம் உக்குவளைக்குப் போய் அத்தை பக்கத்துல உக்காந்தேன். "உங்க மகன் கலியாணம் கட்டிட்டான் அத்தை"ன்னேன். அவங்க துள்ளல, பதறல. "தெரியும்"னாங்க.

"எப்பருந்து?"

"மரம் கட்டினப்பவே சொன்னான். நாந்தான் உன்கிட்ட வாயைத் திறக்காதேன்னேன். சொல்லியிருந்தா நீ வருவியாடி? என்னை யாரு கழுவுறது? கூலிக்கு வர்றவளுக்குச் சொந்தப் புள்ளை மாதிரி கை வருமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கஞ்சியை மூஞ்சியிலயே ஊத்தியிருப்பேன். கோப்பையைத் தூக்கியும் ஆச்சு. அப்பதான் மனசுல ஒண்ணு பட்டுச்சு.

"ஞானஸ்நானம் கூட முடிஞ்சிருச்சே அத்தை"ன்னேன்.

"யாருக்கு?"

பாவி, அதைச் சொல்லல இவங்ககிட்ட! அத்தை என் சேலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "புள்ளையா? என் பேரப்புள்ளையா? நீ பாத்தியா? ஆணா, பொண்ணா?" நான் மெதுவா விரலைப் பிரிச்சு விட்டேன்.

இப்பவும் போறேன். உனக்கு ரோசமே இல்லையான்னு அம்மா தலையில அடிச்சுக்கிறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? அவனா போன் எடுக்கிறதும் இல்ல. அத்தைக்குக் கண்ணுல பூ விழுந்துருச்சு, போன்ல நம்பரை நாந்தான் அழுத்திக் குடுக்கணும். அழுத்துவேன், ஆனா அவன் நம்பரை இல்ல. லைன் கிடைக்கல அத்தைம்பேன். மேல் கழுவுறப்போ அந்த ஊரைச் சொல்லுவேன். பாலம் தாண்டி எந்தப் பக்கம் திரும்பணும், கோயில் வாசல்ல எத்தனை பேர் நின்னாங்க, குழந்தைக்கு யாரு மூக்கு. மூச்சு விடாம கேப்பாங்க. கடைசியில அதே கேள்வி. கையெடுத்துக் கும்பிடுவாங்க. "ஒரு வார்த்தைடி. ஆணா, பொண்ணா?"

"வாயைத் திறங்க அத்தை"ம்பேன். "கஞ்சி ஆறுது."